பீப்பாய்க்குள் இருந்தவரை வெளியே வைத்த விழா

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. சுவரோரம் சாய்ந்திருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள். கதவை மட்டும் சாத்த வேண்டாம், காற்று வரட்டும். இன்றைக்கு உங்களுக்கு வீங்குகிற மண்ணின் கதையைச் சொல்கிறேன். மண்ணைவிட அதிகமாக வீங்கியவர்களும் இதில் வருவார்கள். அவர்கள் வரும்போது சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

ஓர் ஊரில் ஒரு நிறுவனம் இருந்தது. அணு உலையில் எரிந்து முடிந்த கழிவைப் பூமிக்குள் புதைத்து, லட்சம் வருஷத்துக்கு அது வெளியே எட்டிப் பார்க்காமல் காப்பது அதன் வேலை. அதுவரை ஒரு கைப்பிடிக் கழிவைக்கூடப் புதைத்திருக்கவில்லை. ஆனால் புதைப்பதைப் பற்றிப் பேசிய பேச்சையெல்லாம் புதைப்பதாக இருந்தால் ஒரு மலையைக் குடைய வேண்டியிருக்கும்.

அந்த நிறுவனத்தின் பெருமை ஒருவகைக் களிமண். பார்க்கச் சாம்பல் நிறத்தில் சாதுவாக இருக்கும். அதை இயந்திரத்தில் இறுக்கிக் கட்டி கட்டியாக்கிக் கழிவுப் பீப்பாயைச் சுற்றி அடுக்குவார்கள். மீந்த இடுக்குகளில் அதே மண்ணைக் குறுமணியாக்கிக் கொட்டுவார்கள். தண்ணீர் தொட்டால் மண் குடிக்கும், குடித்தால் வீங்கும், வீங்க இடமில்லாமல் எல்லாப் பக்கமும் நெட்டித் தள்ளும். விரிசல், துளை, இடைவெளி எதுவும் மிச்சமிருக்காது. டப்பாவில் ஊறப்போட்ட கடலை மூடியைத் தள்ளுகிறதே, அதே சங்கதிதான். கடலை ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும். இது பிடித்த பிடியை விடாது. அந்த நிறுவனத்தில் கொடுத்த வேலையைக் கூட்டம் போடாமல் செய்தது இந்த மண் ஒன்றுதான்.

இதை ஊருக்குக் காட்ட ஒரு விழா ஏற்பாடானது. பெரிய கொட்டகை ஒன்றின் நடுவே குழி வெட்டி, அதில் ஆளுயரப் பீப்பாய் ஒன்றை நிறுத்தினார்கள். உள்ளே கழிவு இல்லை. கழிவின் சூட்டைக் காட்ட ஹீட்டர்கள் மட்டும். பக்கவாட்டில் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. மேலே வயர் போக ஒரு குழாய். சுற்றிலும் களிமண். சாதாரணமாக இந்த மண் வீங்கி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். சிறப்பு விருந்தினருக்கு அவ்வளவு நேரமில்லை என்று அவருடைய அலுவலகம் சொல்லிவிட்டதால், பம்பு வைத்து வெந்நீரைப் பாய்ச்சி மண்ணை அவசரப்படுத்த முடிவு செய்தார்கள். நாலு மணிக்கு விருந்தினர் பொத்தானை அழுத்துவார், குழியின் மேல் கான்கிரீட் கொட்டும், எல்லாரும் கைதட்டுவார்கள்.

ஹீட்டர் வயரைச் சரிபார்க்கக் காலையில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் உள்ளே போனார். பல வருஷமாக அங்கே தற்காலிக வேலையில் இருந்தவர். எங்கே மின்சாரம் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் எல்லாருக்கும் அவர் 'பியூஸ்'. கூப்பிட்டால் வருவார், சொன்னால் செய்வார், எதிர்த்துப் பேசத் தெரியாது.

அவர் உள்ளே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்துவிட்டார். ஒத்திகை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் இயக்குநர் எப்போது வருகிறாரோ அப்போது மணி பத்து என்பது அங்கே வழக்கம். உடனே ஒத்திகை தொடங்கியது. கதவுக்கு எதிரே விட்டுவைத்திருந்த கடைசிக் களிமண் கட்டியைக் கிரேன் இறக்கியது. பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியில், "பீப்பாய்க்குள் யாரேனும் உள்ளீர்களா?" என்று கணீரென்று கேட்டார்.

"நான் இருக்கேன் சார். ரெண்டு நிமிஷம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அது அதிகாரியின் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஒத்திகையில் கேள்வியை மட்டும்தான் ஒத்திகை பார்ப்பார்கள். பதில், விழாவுக்கு உரியது. அவர் தலையசைத்தார். குறுமணியைக் கொட்டினார்கள். வெந்நீர் திறந்துவிடப்பட்டது.

மண் தன் வேலையைத் தொடங்கியது.

பியூஸ் வயரை முடுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினார். லேசாக அசைந்தது. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி தள்ளினார். இந்த முறை அசையவில்லை. முழங்கையால் தள்ளினார், முதுகால் தள்ளினார், காலால் உதைத்தார். பிறகு தட்ட ஆரம்பித்தார்.

மேலே, களிமண் ஆராய்ச்சி செய்யும் அம்மாவின் திரையில் அழுத்தக் கோடு துள்ளித் துள்ளி ஏறியது. அந்த அம்மா வாழ்நாளெல்லாம் இந்த மண்ணோடு குடித்தனம் நடத்தியவர். சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பாருங்க, பாருங்க, மண்ணு பேசுது," என்று பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டார். மண் மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தட்டுவதைக் கவனித்தபோதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. வயர்க் குழாயில் காதை வைத்தார்.

"யாரு?"

"நான்தான் மேடம், பியூஸ்."

"எங்க இருக்கீங்க?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

"நாலு மணிக்கு எதைக் காட்டப் போறீங்களோ அதுக்குள்ள."

அந்த அம்மா குழாயோடு காதை இன்னும் ஒட்டினார். "கதவைத் தள்ளிப் பாருங்க," என்றார்.

"தள்ளிட்டேன் மேடம். அசையல."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

"தோளை வெச்சு?"

"தோளு வலிக்குது மேடம்."

"அற்புதம்," என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகு தானே திடுக்கிட்டு, "அதாவது, உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்று சேர்த்துக்கொண்டு, இயக்குநரைத் தேடி ஓடினார்.

குழியைச் சுற்றி நாற்காலிகள் வந்தன. கூட்டம் கூடியது. பியூஸ் குழாய் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பீப்பாய்க்குள் அவ்வளவுதான் செய்ய முடியும்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, நிதானமா யோசிப்போம். இதுக்குள்ள போனது எதுவும் லட்சம் வருஷத்துக்கு வெளியே வராதுன்னு நாம உலகத்துக்கே சொல்லியிருக்கோம். இவர் காலைல போயிருக்கார். மத்தியானமே வந்துட்டார்னா, லட்சம் வருஷம்ங்கிறது அரை நாள்னு ஆயிடும். ஒருத்தரை எடுத்தா, எடுக்க முடியும்னு ஆயிடும். எடுக்க முடியாதுங்கிறதுக்காகத்தான் இந்த நிறுவனமே இருக்கு."

"சார், நான் கழிவு இல்ல சார்," என்றது குழாய்.

"அதை நீங்க முடிவு பண்ண முடியாதுங்க. பீப்பாய்க்குள்ள இருக்கிறதுக்குப் பேருதான் கழிவு. வெளியே இருந்தப்ப நீங்க என்னவா இருந்தீங்கன்னு நம்ம வரையறை பாக்கிறதில்ல."

"மீட்புப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சே சார்," என்று ஆராய்ச்சி அம்மா மெதுவாகக் கேட்டார்.

"கலைச்சுட்டோம்மா. மீட்புன்னு ஒரு பலகை தொங்கினா, 'அப்ப ஏதாவது தப்பாகுமோ'ன்னு ஜனங்க கேக்கறாங்க. அந்த அறையில இப்ப நம்பிக்கை வளர்ப்புப் பிரிவு இருக்கு. மண்ணை இளக்க ஏதாவது வழி இருக்கா, அதைச் சொல்லுங்க."

"வீங்க வைக்கத்தான் சார் இத்தனை வருஷமா படிச்சேன். வீங்கினதை வீங்காதேன்னு சொல்ல எங்ககிட்ட ஒரு முறையும் இல்ல. ஆளை வெச்சுத் தோண்டினாத்தான் உண்டு."

"தோண்டற பேச்சே வேண்டாம்," என்று இயக்குநர் கையை உயர்த்தினார். பிறகு குழாய்ப் பக்கம் குனிந்து, குரலை அன்பாக மாற்றிக்கொண்டார். "தம்பி, பல வருஷமா நிரந்தரம் பண்ணுங்க, நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்டுட்டிருந்தீங்க இல்ல? ஒரு விதத்துல பாத்தா இப்ப இந்த நிறுவனத்துலயே நீங்க ஒருத்தர்தான் நிரந்தரம். நான்கூட ஓய்வு பெற்றுடுவேன்."

 "சார், நாலு மணிக்குக் கான்கிரீட் கொட்டுவீங்களே," என்றது குழாய்.

"அது விருந்தினர் கையில இருக்கு. நாங்க எதையும் அழுத்தறதில்ல," என்றார் இயக்குநர்.

அடுத்ததாகப் பாதுகாப்பு அதிகாரி தன் கடமையைச் செய்ய வந்தார். பியூஸ் பாதுகாப்பு வகுப்பில் உட்காராமல் பீப்பாய்க்குள் போயிருந்தது அவருக்குப் பெரிய மனக்குறை. குழாய் வழியாகவே முழு வகுப்பையும் நடத்தினார். ஆபத்து வந்தால் அருகிலுள்ள கதவு வழியாகப் பதற்றப்படாமல் வெளியேற வேண்டும் என்ற இடத்தை இரண்டு முறை சொன்னார். ஹெல்மெட் குழாயில் நுழையவில்லை. அதன் வாரை மட்டும் கழற்றி உள்ளே இறக்கினார். சூடான இடத்தில் வேலை செய்கிறவருக்கு அடிக்கடி தண்ணீர் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நிறைவேற்றக்கூடியதாக இருந்த ஒரே விதி அதுதான் என்பதால், ரப்பர் ட்யூபை விட்டு அதை நிறைவேற்றோ நிறைவேற்று என்று நிறைவேற்றினார்.

"குடிச்சது போதும் சார்."

"போதுமான்னு விதிதான் சொல்லணும். வாயைத் திறங்க. கீழே மட்டும் சிந்திடாதீங்க. அடியில ஈரம் பட்டா சங்கு ஊதிடும்."

பீப்பாயின் தரையில் ஈரம் அறியும் கருவி இருந்தது. வெளித்தண்ணீர் களிமண்ணைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே புகுந்தாலும் கொட்டகை அதிரச் சங்கு ஊதும், மேடையில் சிவப்பு விளக்கு எரியும். சங்கு ஊதினால் மண் தோற்றது என்று பொருள். மண் தோற்றால் நிறுவனம் தோற்றது.

இதற்கிடையில், பியூஸ் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடி ஆராய்ச்சி அம்மா அவருடைய மனைவிக்குப் போன் செய்திருந்தார். மனைவி பஸ் கண்டக்டர். "உங்க வீட்டுக்காரர் கொட்டகைக் குழிக்குள்ள மாட்டிக்கிட்டார், நாலு மணிக்குள்ள வந்துடுங்க," என்று அந்த அம்மா சொன்னார். மனைவி டிக்கெட் பையோடு பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பட்ட வண்டியை மறித்து ஏறி, வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன கொண்டுவந்திருக்கீங்க?" என்றார் காவலாளி.

"கொண்டுவரலண்ணே, கொண்டுபோக வந்திருக்கேன்."

"எதை?"

"என் வீட்டுக்காரரை."

காவலாளி வருத்தமாகத் தலையை ஆட்டினார். "இங்க உள்ளே கொண்டுவரத்தாம்மா அனுமதி. வெளியே கொண்டுபோறதுக்கு ஒரு வழியும் வெக்கல. பொதுமக்களாப் போறீங்களா? அதுக்கு மட்டும் இடமிருக்கு."

பொதுமக்களாகப் போனார். பொதுமக்கள் முதலில் படம் பார்க்க வேண்டும். நம்பிக்கை வளர்ப்புப் பிரிவின் குளிர் அறையில் அவரைத் தனியாக உட்கார வைத்து விளக்கை அணைத்தார்கள். திரையில் கண்ணும் வாயும் வைத்த களிமண் கட்டி ஒன்று, "நான் வீங்குவேன், உன்னைக் காப்பேன்," என்று சொல்லிச் சிரித்தது. அவர் எழுந்தார். உட்கார வைத்தார்கள். மறுபடி எழுந்தார். விளக்கைப் போட்டார்கள்.

"சந்தேகம் ஏதாவது கேக்கணுமா?" என்றார் பிரிவின் தலைவர், புன்னகையைத் துளியும் குறைக்காமல்.

"என் புருஷன் எங்க?"

"உங்க கணவர் இந்த நாட்டுலயே ரொம்பப் பத்திரமான இடத்துல இருக்கார். நிலநடுக்கம் வந்தாலும், வெள்ளம் வந்தாலும், பனியுகமே வந்தாலும் அவரை ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கோ எனக்கோ இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா, சொல்லுங்க?"

"அவருக்குப் பசிச்சா?"

"பசியை நாங்க இன்னும் ஆய்வுக்கு எடுத்துக்கல."

"எடுத்துக்குங்க சார். நிதானமா எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, மனைவி மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, தடுக்க வந்த கைகளுக்கு அடியில் குனிந்து, கொட்டகைக்குப் போய்விட்டார். நெரிசல் பஸ்ஸில் தினமும் செய்கிற காரியம்தானே.

கொட்டகையில் தோரணமும் மைக்குமாக மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. கான்கிரீட் வண்டி வாசலில் நின்று உறுமியபடி வயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மனைவி குழியோரம் மண்டியிட்டுக் குழாயில் வாயை வைத்தார்.

"ஏங்க."

"வந்துட்டியா," என்றது குழாய். அந்த ஒரு சொல்லில் காலையிலிருந்து அடக்கியதெல்லாம் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"தண்ணி குடுத்தாங்க. குடுத்துட்டே இருக்காங்க."

"பயமா இருக்கா?"

"இருட்டுதான். கையை நீட்டினா இடிக்குது. நீ பேசிட்டே இரு." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, ஒண்ணு சொல்லணும். பெரிய மனுஷங்க நிக்கிறாங்க, சத்தம் போட்டுடாதே." பிறகு கிசுகிசுவென்று ஏதோ சொன்னார்.

மனைவி எழுந்து நின்றார். பஸ்ஸின் கடைசி சீட்டுவரை எட்டுகிற குரலில், கொட்டகை முழுவதற்கும் அறிவித்தார். "அவருக்கு ஒண்ணுக்கு வருதாம். அடக்க முடியலையாம்."

தோரணம் கட்டியவர்கள் கைகளை நிறுத்தினார்கள். இயக்குநரின் பார்வை முதலில் பீப்பாயின் அடிப்பக்கம் போனது. அங்கிருந்து மேடையின் சிவப்பு விளக்குக்குப் போனது. கடைசியில் பாதுகாப்பு அதிகாரியின் கையிலிருந்த ரப்பர் ட்யூபில் வந்து நின்றது.

"அடக்கச் சொல்லுங்கம்மா," என்றார்.

"எவ்வளவு நேரம் சார்?"

"விழா முடியற வரைக்கும்."

"விழாவுல கான்கிரீட் கொட்டிடுவீங்க. அதுக்கப்புறம்? லட்சம் வருஷம் அடக்கணுமா?"

இயக்குநர் ஆராய்ச்சி அம்மா பக்கம் திரும்பினார். அந்த அம்மா உண்மையைச் சொல்லிப் பழகியவர். "மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது சார். கசிஞ்சா அதையும் குடிச்சுட்டு இன்னும் நல்லா வீங்கும்."

"மண்ணைப் பத்தி யாரும்மா கேட்டா? சங்கு ஊதுமா, ஊதாதா?"

"ஊதும்."

"சங்கைக் கழட்டிடலாமே," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"கழட்டுங்க."

"கழட்டத் தெரிஞ்ச ஆளு உள்ள இருக்கார் சார்."

வெளியே வண்டிகளின் ஹாரன் கேட்டது. விருந்தினர் முன்னதாகவே வந்துவிட்டார். இயக்குநர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார், இறுக்கினார், மறுபடி தளர்த்தினார். இரண்டடி முன்னே வைத்தார், மூன்றடி பின்னே வைத்தார்.

மனைவி பொறுமையாகச் சொன்னார். "இங்க பாருங்க சார். என் வீட்டுக்காரர் யார் சொன்னாலும் கேப்பார். நீங்க சொன்னா அடக்குவார். ஆனா நான் சொன்னா விட்டுடுவார். சொல்லட்டுமா?"

இயக்குநர் நிமிர்ந்தார். பெரிய பதவிக்கு வந்தவர் சும்மா வந்துவிடுவாரா? நொடியில் ஒரு வழி பிறந்தது. "நண்பர்களே, கவனமாக் கேளுங்க. நாம அவரை எடுக்கல. எடுக்க முடியாது. இதுவரைக்கும் உள்ளே வைக்கிற சோதனையைப் பண்ணினோம். இப்ப அதோட இரண்டாம் பகுதியைப் பண்றோம். அவரை வெளியே வைக்கிறோம்."

"வெளியே வைத்தல்," என்று பாதுகாப்பு அதிகாரி பரவசமாகத் திருப்பிச் சொன்னார். எல்லாரும் தலையசைத்தார்கள். எல்லார் மனதிலிருந்தும் பெரிய பாரம் இறங்கியது.

ஆனால் வெளியே வைக்க மண்வெட்டி வேண்டுமே. நிறுவனம் முழுவதும் தேடியும் ஒன்றுகூட இல்லை. தோண்டியெடுக்கும் கருவிகள் வளாகத்தில் இருந்தால் பொதுமக்கள் தப்பாக நினைப்பார்கள் என்று அத்தனையையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். கடைசியில் மேடையில் அடுக்கியிருந்த நினைவுக் கேடயங்கள் ஆராய்ச்சி அம்மாவின் கண்ணில் பட்டன. 'அசையா உறுதிக்கு' என்று பொன்னெழுத்தில் பொறித்தவை. அந்த அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு முதலில் குழிக்குள் குதித்தார். பின்னாலேயே மனைவி. பின்னாலேயே, கோட்டும் சூட்டுமாக, மற்ற எல்லாரும்.

ஊறின களிமண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பசையும் சோப்பும் சேர்ந்த மாதிரி இருக்கும். ஒரு பிடி பிய்த்தால் கையோடு வரும், கையை விட்டுப் போகாது. ஆராய்ச்சி அம்மா பிய்த்துக்கொண்டே, "எவ்வளவு நல்லா வீங்கியிருக்கு," என்று கண் கலங்கினார். "அழறதை அப்புறம் வெச்சுக்குங்கம்மா, அந்தப் பக்கம் நோண்டுங்க," என்றார் மனைவி. இயக்குநரின் காலணி மண்ணுக்குள் போனது போனதுதான்.

அந்த நேரம் பார்த்து விருந்தினர் பரிவாரத்தோடு உள்ளே நுழைந்தார். குழிக்குள் ஒரு நிறுவனமே நாலு காலில் நின்றுகொண்டிருந்தது.

"என்ன நடக்குது?"

இயக்குநர் முழங்கைவரை மண்ணோடு நிமிர்ந்தார். "ஐயா, எங்க களிமண்ணை நாங்க எல்லாரும் நேரடியா, கையாலேயே, மதிப்பிட்டுட்டிருக்கோம்."

விருந்தினர் பரிவாரத்தைப் பார்த்தார். புகைப்படக்காரர்களைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். ஒரு கேடயத்தை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி, எல்லாரையும்விட ஊக்கமாகத் தோண்டினார். ஒவ்வொரு பிடிக்கும் கைதட்டல் எழுந்தது. ஒரு பெரிய கட்டியை அவர் பெயர்த்தபோது கதவு முனகியது. ஒரு சாண் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்தது. நீட்டிய கையைக் கண்டால் குலுக்குவது விருந்தினரின் தொழில் பழக்கம். குலுக்கினார். மனைவி அந்தக் கையைப் பிடுங்கி இழுத்தார். மண்ணிலிருந்து மனிதனாகப் பியூஸ் வெளியே வந்தார்.

வந்ததும் வராததுமாக, கொட்டகையின் பின்பக்கம் பார்த்து ஓடினார். சங்கு ஊதவில்லை.

அவர் முகம் தெளிந்து திரும்பி வந்தபோது விருந்தினர் மேடையில் இருந்தார். "உள்ளே இருந்து ஆய்வு பண்ணினவர் இவர்தானா? எப்படிப்பா இருந்துச்சு?" என்று மைக்கை நீட்டினார்.

இயக்குநர் மைக்கைப் பிடிக்கக் கை நீட்டினார், எட்டவில்லை.

பியூஸ் மைக்கை வாங்கிக்கொண்டார். "மண்ணு மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேங்க. நான் தட்டினப்ப அது சும்மா இருந்துச்சு. அதுக்குக் காது இல்ல," என்றார்.

விருந்தினர் முதலில் கைதட்டினார். அதனால் எல்லாரும் கைதட்டினார்கள். பொத்தான் அழுத்தப்பட்டது. வெறும் பீப்பாயின் மேல் கான்கிரீட் விழுந்தது. "உள்ளே போனது எதுவும் வெளியே வராது என்பதை இன்று உங்கள் கண்முன்னே நிரூபித்துவிட்டோம்," என்று இயக்குநர் பேசத் தொடங்கினார். அவர் எப்போது முடித்தார் என்று தெரியாது. புருஷனும் மனைவியும் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்கள். கொண்டுபோக அனுமதி இல்லை என்று சொன்ன காவலாளி, அவர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பி நின்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் உட்கார நிறைய இடமிருந்தது. பியூஸ் உட்காரவில்லை. படியில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் முகத்தை நீட்டி நின்றார். காய்ந்த களிமண் சட்டையிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்து ரோட்டில் பறந்தது. படியில் தொங்குகிறவர்களை ஒரு நாளும் விட்டுவைக்காத கண்டக்டர் மனைவி, அன்றைக்கு 'உள்ளே வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய், அவருக்குப் பின்னால் நின்று, சட்டைக் காலரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை அப்படியே வந்தார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை முடிந்தது. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் முழுசாகத் திரும்பி வரட்டும். அவர்களுக்காக விளக்குப் போட்டு வைத்திருக்கிற கை நோகாமல் இருக்கட்டும். கூப்பிட்டால் காது கொடுக்கிறவர்களும், கதவைத் திறந்துவிட்டு அப்புறம் காரணம் கேட்கிறவர்களும் உங்கள் வீட்டில் பெருகட்டும். நன்றாக இருங்கள்.